அப்பாவின் குறி விழாத இடம்

எல்ம்ஃபோல்ட், சஃபோக்
1636 ஆகஸ்டு

அன்பு மகள் தாமசினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கடலுக்கு அப்பால் அந்தப் புது தேசத்தில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கைக்கு வந்ததும் நீ முதலில் அடியில்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியும். கையெழுத்துக்குப் பதிலாக அப்பா வழக்கமாகப் போடும் அரிவாள் குறி அங்கே இல்லையென்றால் பதறாதே. அவர் திடமாக, அடுப்புக்கு அந்தப் பக்கம் சேணம் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குறி இல்லாமல் போனால் அதற்குக் காரணம் நான்.

நீ கப்பலேறிய பிறகு, ராஜாவின் உத்தரவென்று புதுப் பாதிரியார் திருவிருந்து மேசையைக் கோயிலின் நடுவிலிருந்து எடுத்துக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முன்னால் மரக் கிராதி அடித்துவிட்டார். அதன் முன் மண்டியிட்டால்தான் இனி அப்பமும் திராட்சரசமும். வீட்டில் கர்த்தருக்கு மண்டியிடுகிற எனக்கு மரத்துக்கு மண்டியிட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஈஸ்டரன்று இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். மற்ற எல்லாரும் எழுந்து கிராதிக்கு முன்னால் போனார்கள். பக்கத்து வீட்டு அன்னிஸ் போகும்போது என் காதில், "எதையோ கீழ போட்டுட்டுத் தேடுற மாதிரி குனிஞ்சிட்டு வாயேன்டி, கர்த்தருக்குப் புரியாதா" என்றாள். இந்த வருஷம் பார்த்துக் கோயில் பொறுப்பு முறை அப்பாவுக்கு வந்திருந்தது. மண்டியிடாதவர் பெயரை ஒன்று விடாமல் பிஷப்புக்கு எழுதித் தருவதாகப் பொறுப்பாளர் வேதத்தின்மேல் சத்தியம் செய்ய வேண்டும், அவரும் செய்துவிட்டு வந்தார். அவருக்கு எழுதப் படிக்க வராது, நான்தானே எல்லாம் எழுதிக் கொடுப்பது. என்னை உட்காரவைத்து, "ஊர்ல எல்லாரும் ஒழுங்கா மண்டி போட்டாங்கன்னு எழுது. உன் பேரு வேண்டாம். யாரு வந்து எண்ணப் போறா" என்றார். வீட்டுக் கணக்கில் ஒரு முட்டையைக்கூட மறைக்காதவள் நான். அவர் சத்தியம் பொய்யானால் அவர் ஆத்துமா என்னாகும் என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது, என் பெயரை எழுதினேன். வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை, நம்பிக் குறி வைத்தார்.

பிஷப்பின் ஆள் அதை எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. "உன் சம்சாரமாய்யா இது" என்று கேட்டாராம், அப்பா ஆமாம் என்று மட்டும் சொன்னாராம். இப்போது கொல்லன் பட்டறைப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே, "பொண்டாட்டியைக் காட்டிக்குடுத்த உத்தமர் வர்றாரு, பாத்துப் பேசுங்கடா" என்று சிரிக்கிறார்கள். என்னைச் சபையிலிருந்து விலக்கியாயிற்று, யாரும் என்னோடு பேசவோ சாப்பிடவோ கூடாது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கப் பீர் நுரை கேட்டு வரும் அன்னிஸ் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிமிராமலே கோசு அறுக்கிறாள். இப்படியே செத்தால் உன் தம்பி கிடக்கிற கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இடமில்லை. ஞாயிறு மணியடித்ததும் அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு தனியே போவார், நான் வேதத்தைத் திறந்து நீயும் தம்பியும் எதிரில் இருப்பதாக வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். அதையெல்லாம் தாங்கிவிடலாம். அப்பா ஏழு வாரமாக என்னோடு பேசவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட கையைத்தான் நீட்டுகிறார். எழுதியது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை தாமசின். வாசித்துக் காட்டாததுதான் தப்பு.

இதுவரை எழுதியதை இப்போது ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்தேன். ஊசியை நிறுத்திக் கேட்டார். இறகுப் பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. "எழுதினதெல்லாம் சரிதான். கைதான் வரலை" என்றார். ஏழு வாரம் கழித்துக் கேட்ட குரல்.

குளிருக்கு முன்பே விறகு சேர்த்துவை, பிள்ளையின் மார்பில் கம்பளி இல்லாமல் வெளியே விடாதே. அங்கே யாருக்காவது எழுதிக் கொடுத்தால் வாசித்துக் காட்டிவிட்டே கொடு, மறக்காதே. கடலைப் பிளந்து வழி விட்டவர் உங்கள் வாசலையும் காப்பாராக. கடிதம் கொண்டுபோகிறவன் வியாழக்கிழமைதான் வருகிறான். என் பெயருக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன், அதுவரை இது மடிக்காமல் மேசைமேலேயே இருக்கும்.

உன் அம்மா
பிரிட்ஜெட்