ஊனா கடல் கடந்த மதியம்

அன்புத் தம்பி ஜார்லத்துக்கு,

அக்கா டெலியா எழுதுகிறேன். இங்கே நான் நலம். மாடுகள் நலம். உன் மகள் ஊனாவும் நலம், இடது காறை எலும்பு ஒன்றைத் தவிர. அதுவும் ஒழுங்காகக் கூடி வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. "முதல் விமானத்தில் அனுப்பு." தபால் நிலையத்து அம்மாள் அதை நீட்டும்போதே முகத்தைத் துக்க வீட்டு முகமாக வைத்திருந்தாள். எனக்கு முன்னால் ஊரே படித்தாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். நான் அனுப்பப் போவதில்லை, ஜார்லத். கோபப்படாமல் கடைசிவரை படி. கோபப்பட்டாலும் படி.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நான் சொன்னது பாதிதான். பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

ஜூனில் அவளை ஷானன் விமான நிலையத்தில் கூட்டிக்கொண்டபோது, சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. நான் சாப்பிட்டு எழுவதற்குள் என் தட்டையும் கழுவி வைத்துவிடுவாள். எதற்கும் நன்றி சொல்வாள். "நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் தராது" என்று நீ எழுதியிருந்தாய். மார்ச்சில் தாயைப் புதைத்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு தொந்தரவும் தரவில்லை என்றால் எனக்கு அது நல்லதாகப் படவில்லை. கன்றுக்குட்டி இப்படிச் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தால் நான் மாட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்புவேன். ஈவ்லின் பெயரை அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை. நான் எடுத்தால், "மழை வர்ற மாதிரி இருக்கு அத்தை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மழை பெய்துகொண்டே இருக்கும்போதும் அதையே சொன்னாள்.

அதனால்தான் உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பால் கறக்கிற நேரத்தில் எனக்கும் வாய் சும்மா இருக்காது. பாதிரியாரின் பிரேக் இல்லாத சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, நேராகப் படகுத்துறை முனையைத் தாண்டிக் கடலில் விழுந்தாயே, அதைச் சொன்னேன். சைக்கிளைப் பிறகு வலை போட்டு எடுத்தார்கள். வைக்கோல் போர் மேலிருந்து அம்மாவின் நல்ல படுக்கை விரிப்பை விரித்துப் பறக்கப் பார்த்ததைச் சொன்னேன். கடற்பறவை முட்டைக்காக மாட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீ பாறைச் சரிவில் தொங்கினாய். மேலே குதிகாலை மண்ணில் ஊன்றி நான் பிடித்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் கயிறு விடுக்கா" என்றாய். "கயிறு முடிஞ்சுபோச்சுடா" என்றேன். "அப்ப நீ கொஞ்சம் கீழே இறங்கி வா" என்றாய். நான் இறங்கவும் இறங்கினேன், மடச்சி.

அம்மா வாசலில் மரக்கரண்டியோடு நின்று சொல்வதையும் சொன்னேன். "கடல்ல முழுகிச் செத்தீங்கன்னு வைங்க, வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரையும் கொன்னுடுவேன்."

ஊனா மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பொய் சொல்றீங்க அத்தை. எங்கப்பா குளிக்கிற தண்ணியையே ரெண்டு தடவை தொட்டுப் பார்ப்பாரு" என்றாள். டொராண்டோவில் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். புதுக் கட்டடங்களில் மாடிப்படிக் கைப்பிடி போதிய உயரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஃபெஸ்டி தொழுவத்து வாசலில் நின்றிருந்தான். பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்த அதே ஃபெஸ்டிதான், வயிறு மட்டும் புதிது. "யாரு, நம்ம ஜார்லத்தா? கைப்பிடியா?" என்று சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. பிறகு, நீ சேணம் இல்லாத குதிரையில், கடல் வற்றிய நேரத்து மணல்வழியே கான்லன் தீவுக்குப் போய், திரும்பும்போது ஏறுகிற கடலோடு பந்தயம் ஓடியதை அவன்தான் சொன்னான். ஜெயித்தாரா என்று கேட்டாள். "கால் நனைஞ்சுது, ஆனா ஜெயிச்சான்" என்றான்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. நான் வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றித் தீவுவரை மணல் தெரிந்தது. ஃபெஸ்டி தன் சாம்பல் நிற மட்டக்குதிரையைச் சுவரோரம் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறான். அவன் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தால் குதிரை இல்லை, ஊனாவும் இல்லை.

நான் கரைக்கு ஓடியபோது அவள் தீவிலிருந்து திரும்பிவிட்டாள். ஆனால் தாமதம். இடிந்த கோயிலைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள், முயல்களை விரட்டியிருக்கிறாள். நடுவில் இருக்கிற பள்ளம்தானே முதலில் நிறையும், உனக்குத் தெரியும். அது நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. படகு எடுக்க ஃபெஸ்டி துறைக்கு ஓடினான். அந்தத் துறை எவ்வளவு தூரம் என்பதும் உனக்குத் தெரியும்.

அவள் விளிம்பில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டித் தீவுக்கே திரும்பிப் போகச் சொன்னேன். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். அப்புறம் குதிரையைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத முடியாது. பயம் என்று எழுதினால் போதாது. குதிரையின் முதுகு மறைந்தது. அவளுடைய சிவப்புச் சட்டை மட்டும் தெரிந்தது, அதுவும் பக்கவாட்டில் இழுபட்டுப் போனது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தாள். குதிரையின் மூக்கு தண்ணீருக்குள் முழுகப் பார்த்தது. என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான். "கயித்த விடு, பிடரியப் பிடி" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டுவிட்டது, ஜார்லத். கயிற்றை விட்டாள். இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு குதிரையின் மேல் படுத்துவிட்டாள். அதன் பிறகு அந்தக் கிழட்டுக் குதிரை தலையை நிமிர்த்தி, யாரும் சொல்லாமலே, வீட்டைப் பார்த்து நீந்தியது.

கரையேறி, உடம்பை உலுக்கி, நேராகச் சுவரைப் பார்த்து ஓடி, தாண்டியது. ஊனா தாண்டவில்லை. ஆக, எலும்பை உடைத்தது கடல் இல்லை, என் வீட்டுச் சுவர். உன் சட்டதிட்டப்படி அது போதிய உயரம் இல்லையோ என்னவோ.

நான் போய்த் தூக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கை தொங்குகிறது, உதடெல்லாம் உப்பு, சிரிக்கிறாள். "கால் மட்டுமில்ல அத்தை, நான் முழுசா நனைஞ்சுட்டேன். அப்பாவைவிட நான் பெரிய ஆளு" என்றாள். நான் ஒரு அறை வைக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக் கட்டிக்கொண்டேன். ஃபெஸ்டி வேனைக் கொண்டுவந்தான். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனாலும், "அப்பன் ரத்தம் டெலியா, கல்லைக் கட்டிப் போட்டாலும் மிதக்கும்" என்றான்.

ரவுண்ட்ஸ்டோன் ஊரைத் தாண்டியதும் அவள் சிரிப்பு நின்றது. வலிக்கிறதா என்று கேட்டேன். "அம்மாகிட்ட இதைச் சொல்ல முடியாதே" என்றாள். அவ்வளவுதான். கால்வே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அழுதாள். விம்மல் இல்லை, ஊளை. ஃபெஸ்டி சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினான். நான் தடுக்கவில்லை. அழுது முடித்தபின், இத்தனை நாள் இதை எங்கேம்மா வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அழுதா அப்பாவும் அழுவாரு அத்தை. அப்பா ஒரு நாளும் அழல. அவரு தாங்கிட்டு இருக்காரு. நான் கெடுத்துடக் கூடாதுல்ல."

நீ அவளை அழாதே என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாய். எனக்கு என் தம்பியைத் தெரியும். ஆனால் நீ அழாமல் இருப்பதையே அவள் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீ சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பதையும் அவள் படிக்கட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாளாம்.

இப்போது அவள் வேறு பிள்ளை. தட்டு கழுவுவதில்லை. உருளைக்கிழங்கு வேகவில்லை என்று என்னிடம் முகத்தைச் சுளிக்கிறாள். கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஃபெஸ்டியிடம் போய், குதிரையை இனிமேல் கேட்டுத்தான் எடுப்பேன் என்று மன்னிப்புக் கேட்டாள். எடுக்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தேன். நேற்று ஈவ்லின் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தாள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, கடல் என்றால் பயம், ஆனால் பாட்டை ஒழுங்காகப் பாடத் தெரியாமலேயே சத்தமாகப் பாடுவாள் என்றெல்லாம் அவளாகவே சொன்னாள். நானும் ஈவ்லினை முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வைக்கோல் பாதி உள்ளே வந்துவிட்டது, மீதியை மழை பார்த்துக்கொள்ளும். கூரையில் ஓடு இரண்டு போயிற்று. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிய கரிமண் கட்டிகள் இன்னும் காயவில்லை. என் முழங்காலைப் பற்றி ஃபெஸ்டி உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே.

ஆகஸ்டு கடைசிவரை ஊனா இங்கேதான் இருப்பாள். அதற்குமேல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் விமானத்தில் தனியாக ஏற்றி அனுப்ப மாட்டேன். நீயே வந்து கூட்டிப் போ. உன் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கும். கைப்பிடிகள் ஒரு வாரம் தாமாக நிற்கும். உன்னிடம் கேட்க அவளுக்கு நிறையக் கேள்வி இருக்கிறது. என்னைவிட நீ சொன்னால்தான் நம்புவாளாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற வழியில் முகத்தைக் கழுவி, தலையை வாரி, எல்லாம் சரியாகிவிட்டது என்கிற மாதிரி வந்து நிற்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே வா, என் செல்லமே. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், தாங்குவோம்.

ஆண்டவரும் அவர் அம்மாவும் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
டெலியா