பயந்தான்மேட்டுக்கு ஒரு பக்க வரலாறு

பயந்தான்மேடு,
காரைக்கால்.
10.6.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

பாரதிப்ரியா எழுதுவது. நானும் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். உங்கள் சுகத்தை வெள்ளிக்கிழமை போனில் அம்மா கேட்டுவிட்டார்கள். நான் கேட்க நினைத்ததைத்தான் கேட்க முடியவில்லை. வாயைத் திறந்தால் கார்டு தீர்கிறது என்கிறீர்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்கிறீர்கள். பஹ்ரைனில் எப்போதும் உங்கள் பின்னால்தான் ஆட்கள் நிற்பார்களா?

விஷயம் இதுதான். இந்த ஆவணியோடு நம் ஊர் உண்டாகி எழுபத்தைந்து வருஷம் ஆகிறது. புதிய சமுதாயக் கூடத்தைத் திறந்து, விழா மலர் ஒன்றும் போடப் போகிறார்கள். சுந்தரமூர்த்தி பெரியப்பாதான் விழாக்குழுத் தலைவர். ஊரை உண்டாக்கிய காத்தமுத்துத் தாத்தாவின் வரலாற்றை மலரில் ஒரு பக்கம் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். பத்தாவதில் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியதற்குக் கிடைத்த தண்டனை என்கிறார்கள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகஸ்ட் முப்பதுக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அவர் உங்கள் அப்பாவைப் பெற்றவர். உங்களுக்கு ஏழு வயது ஆகும்வரை உயிரோடு இருந்தார். ஆகையால் கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதவும்.

1. தாத்தா எங்கிருந்து வந்தார்?

2. எத்தனை குடும்பங்களை அழைத்து வந்தார்?

3. மீன் பிடிக்கிறவர்கள் கடலை ஒட்டித்தான் குடியிருப்பார்கள். இவர் ஏன் வலையைச் சுமந்துகொண்டு ஒரு கல் தூரம் நடக்கும்படி இந்த மேட்டுக்கு வந்தார்?

4. ஊருக்கு ஏன் இந்தப் பெயர்? 'பயன் தந்தான் மேடு' என்பதுதான் மருவிவிட்டது என்று பெரியப்பா சொல்கிறார். பள்ளியில் கடலோரத்துப் பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை. "ஏ பயந்தாமேட்டுக்காரி, தவளை கத்துது, மழை வருது, ஓடு" என்கிறார்கள்.

5. தாத்தாவுக்குப் படமே இல்லை. கூடத்தில் மாட்ட நெரவி சேக் அலாவுதீன் அண்ணன் வரைகிறார். "தங்கப்பன் மூஞ்சி அப்புடியே தாத்தா மூஞ்சிதான். அவனை போட்டோ அனுப்பச் சொல்லு" என்றார் பெரியப்பா. உங்கள் போட்டோ ஒன்று வேண்டும். படகில் நிற்பதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
விடைகளுக்குக் காத்திருக்கும் மகள்,
த. பாரதிப்ரியா

மனாமா,
28.6.2007

அன்பு மகள் பாரதிக்கு அப்பா எழுதுவது.

நலம். இங்கே வெயில் அடிக்கிறது. மீன் நன்றாகக் கிடைக்கிறது. நீ கேட்டதில் இரண்டாவது கேள்விக்குப் பதில், பதினொரு குடும்பம். மற்றதைப் பெரியப்பாவிடம் கேள், அவர்தானே தலைவர். போட்டோ எடுக்க நேரம் இல்லை. கறுப்பு ஆட்டுக்குக் கழிச்சல் என்று அம்மா சொன்னாள். வேப்பிலையை அரைத்துக் கொடுக்கச் சொல். நன்றாகப் படி.

அன்புடன்,
கா. தங்கப்பன்

பயந்தான்மேடு,
12.7.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐந்து கேள்விக்கு ஒரு விடை எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு இருபது. ஆட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அது இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாள் தின்னும் அளவுக்குத் தேறிவிட்டது.

பெரியப்பாவிடம் கேட்டேன். தாத்தா ஒரு கையால் சுறாவைப் பிடித்தார், மறு கையால் பாய் கட்டினார், புயலைப் பார்த்துச் சிரித்தார் என்றார். "எந்தப் புயல் பெரியப்பா?" என்றேன். "எல்லாப் புயலும்தான். தலைப்பு எழுதிக்க, கடல் சிங்கம் காத்தமுத்து" என்றார். "ஏன் மேட்டுக்கு வந்தார்?" என்றால், "சிங்கம் மேட்டுலதான படுக்கும்" என்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார்கள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரிடமும் ஒரு விடை வாங்க முடியாது.

அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவுகள் இன்னும் மேரியில் இருக்கின்றன என்று எங்கள் பிரெஞ்சு டீச்சர் மஹ்பூபா சொன்னார். நகராட்சி அலுவலகத்தை அவரும் மேரி என்றுதான் சொல்கிறார். இரண்டு சனிக்கிழமை நடந்து, மூன்று விண்ணப்பம் எழுதி, நகல் வாங்கினோம்.

1929இல் பெரிய அத்தைப் பாட்டி பிறந்தபோது, தகப்பன் பெயர் காத்தமுத்து, தொழில் 'பெஷேர்'. மீனவர். 1935இல் உங்கள் அப்பா பிறந்தபோது, அதே காத்தமுத்து, தொழில் 'ழார்தினியே'. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தோட்டக்காரர் என்று அர்த்தமாம்.

நடுவில் 1932. நம் ஊர் உண்டான வருஷம்.

சுறாவை ஒரு கையால் பிடித்தவர் ஏன் தோட்டக்காரர் ஆனார்? பெரியப்பாவிடம் காட்டினால், "வெள்ளைக்காரன் தப்பா எழுதியிருப்பான்" என்று நகலை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவர் 'தெரியாது' என்று எழுதியிருப்பார். நீங்கள் ஆட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

போட்டோவும் வரவில்லை.

உங்கள் மகள்,
பாரதிப்ரியா

மனாமா,
30.7.2007

பாரதிக்கு,

செத்துப்போனவரை எதற்காகத் தோண்டுகிறாய்? பெரியப்பா சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டுப் பாடத்தைப் படி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் ஒருவரைத் தோட்டக்காரன் என்று மலரில் போட்டால் நாலு ஊர் சிரிக்கும். சிரிப்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. போட்டோ இனிமேல் கேட்காதே. தாத்தாவுக்கு மீசை வைத்து யார் முகத்தையாவது வரையச் சொல்.

அவசரத்தில் கையில் கிடைத்த தாளில் எழுதுகிறேன்.

தங்கப்பன்

பயந்தான்மேடு,
9.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னை நீங்கள் திட்டி எழுதியது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதியை விட்டுவிட்டேன்.

சிரிப்பு எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பள்ளிப் பேருந்தில் தவளை கத்துகிறது. அதற்குக் காரணம் தெரியாமல் சிரிப்பு வாங்குவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் எழுதிய தாளின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. அரபியும் ஆங்கிலமும். ஆங்கிலத்தைப் படித்தேன். சாலையின் பெயர், பேரீச்சை நாற்பத்திரண்டு, அரளி நூற்றுப் பத்து, தண்ணீர் விட்ட நேரம் காலை ஐந்து, மாலை நான்கு. கீழே வேலையாள் பெயர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. அந்த 'கா'வின் கொக்கி எனக்குத் தெரியாதா?

மீன்பிடிப் படகில் இந்தத் தாள் எதற்கு? இது ஆறாவது கேள்வி.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா சொன்னதுபோலக் கடல் சிங்கத்தைப் பாதி எழுதினேன். சுறா வந்ததும் பேனா நின்றுவிட்டது. இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. கடிதம் வரவில்லை என்றால், பக்கத்தை வெற்றாக விடச் சொல்வேன். பொய் எழுத எனக்குத் தொண்ணூற்றாறு தேவையில்லை.

பாரதிப்ரியா

மனாமா,
18.8.2007

அன்பு மகளுக்கு,

உன் ஆறு கேள்விக்கும் எழுதுகிறேன். எண் போடத் தெரியாது.

தாத்தா பட்டினச்சேரிப் பக்கத்துக் கடலோரத்தில்தான் இருந்தார். ஊர் உண்டான வருஷம் அடித்த புயலில் அவரும் அவர் தம்பியும் ஒரே கட்டுமரத்தில் இருந்தார்கள். இவர் மட்டும் கரை வந்தார். அதற்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. மாசி மகத்துக்கு ஊரே சாமியோடு தீர்த்தவாரிக்குப் போகும்போதும், "யாராச்சும் வீட்டப் பாத்துக்க வேணாமா" என்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். நான் சின்னப்பிள்ளையில் பார்த்திருக்கிறேன். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

புயல் முடிந்ததும் எல்லாரும் பழைய இடத்திலேயே குடிசை போட்டார்கள். இவர் ஒருத்தர்தான், "மறுபடி வரும், மேட்டுக்கு வாங்க" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். பதினொரு வீட்டார் வந்தார்கள். மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பயந்தவன் போன மேடு, பயந்தான்மேடு. பயனும் இல்லை ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் பெயர். வந்த ஆண்பிள்ளைகள் கடலுக்குப் போனார்கள். இவர் மேடு கரையாமல் இருக்க பூவரசு நட்டார், குடத்தில் சுமந்து தண்ணீர் ஊற்றினார். வெள்ளைக்காரன் சரியாகத்தான் எழுதினான்.

ஆறாவது. சுனாமிக்கு அப்புறம் நான் மூன்று தடவை படகில் ஏறினேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் பயந்து எஞ்சினை அணைத்துவிட்டேன். காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். மீன்பிடி விசாவில்தான் இங்கே வந்தேன். வேறு கடல், பயம் இருக்காது என்று நினைத்தேன். கடல் எல்லாம் ஒன்றுதான். நாலாவது நாள் படகு முதலாளி அரபாபு கரையைக் காட்டி இறக்கிவிட்டான். நல்லவன், அவனே ரோட்டில் செடிக்குத் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்த்துவிட்டான். இரண்டு வருஷமாக உங்களிடம் மீன் கதை சொல்கிறேன். ஊருக்கு வந்தால் படகில் ஏறு என்பார்கள். அதனால்தான் வரவில்லை.

உறைக்குள் போட்டோ வைத்திருக்கிறேன். இந்த ஒன்றுதான் இருக்கிறது. முகத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துக்கொள். அம்மாவிடம் காட்டாதே, நானே சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ விரும்பியதை எழுது. எழுதாமல் விட்டாலும் சரி.

அப்பா

பயந்தான்மேடு,
11.9.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நூற்றுக்கு நூறு. ஆனால் தாமதம்.

ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். கடிதம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். உறை கெட்டியாக இருந்ததால் போட்டோ என்று அம்மா பிரித்துவிட்டார்கள். நான் வரும்போது உங்கள் படத்தைச் சாமி மாடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். மடிக்கவில்லை. பச்சைச் சட்டை, கையில் ரப்பர் குழாய், பின்னால் பேரீச்சை, எல்லாம் தெரிந்தது.

அம்மா, "இளைச்சுட்டாரு" என்றார்கள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"ரெண்டு வருசமா வெள்ளிக்கெழம தவறாம பேசுறாரு. வெயிலச் சொல்லுவாரு, சோத்தச் சொல்லுவாரு. ஒரு தடவையாச்சும் காத்தச் சொன்னாரா? கடலுக்குப் போறவன் வாடையா கொண்டலான்னு சொல்லாம இருப்பானா? மொத மாசமே தெரியும்டி."

"ஏன் கேக்கல?"

"அவரா சொல்லட்டும்னுதான். மீன் கத நல்லாத்தான இருந்துச்சு."

எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. ஒரே பொய்யை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் நின்றிருக்கிறீர்கள். ஆடு கூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது.

அன்றே பக்கத்தை எழுதி முடித்தேன். முதல் வரி, 'காத்தமுத்து பயந்தார்.' உங்களைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். விழாக்குழுக் கூட்டத்தில் வாசித்தபோது பெரியப்பா துண்டை உதறி எழுந்துவிட்டார். "ஊரு மானத்த வாங்கவா உன்னப் படிக்க வச்சோம்? பயந்தாராம். யாரு பயந்தா?"

அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்காமலேயே கேட்டார்கள். "மாமா, சுனாமி அன்னைக்குக் காலையில நீங்க எந்தப் பக்கம் ஓடினீங்க? கடல் பக்கமா, மேட்டுப் பக்கமா?"

அன்று கடலோரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் எத்தனை பேர் நம் பூவரசு மரத்தடியில் மூன்று நாள் படுத்திருந்தார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் மேட்டின் அடியோடு நின்றதும் தெரியும். பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுதித் தொல. ஆனா ஒரு எழுத்துப்பிழ இருக்கக் கூடாது. அந்த 'ழார்'னு வருதே, அதையும் போட்டுடு. ஆபீசு ஆதாரம்."

மலர் வந்துவிட்டது. ஒரு பிழை இருக்கிறது. பதினொரு குடும்பம் 'பதினொரு குரும்பம்' ஆகிவிட்டது. அச்சகத்துக்காரரிடம் சண்டை போட்டேன். பயனில்லை.

படமும் முந்தாநாள் மாட்டியாயிற்று. அலாவுதீன் அண்ணன் உங்கள் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கையில என்ன குடுக்கட்டும், துடுப்பா?" என்று கேட்டார். பெரியப்பா வாயைத் திறப்பதற்குள், "குடம்" என்றேன். முகம் அச்சாக நீங்கள்தான். மீசை மட்டும் தாத்தாவுடையது. நேற்று பள்ளிப் பேருந்தில் ஒருத்தி தவளை மாதிரி கத்தினாள். மலரைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். சுனாமியின்போது எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கிய பிள்ளை அவள்.

கூடம் கட்டியபோது லாரி இடித்து மேட்டின் கிழக்கே நாலு பூவரசு போய்விட்டது. பெரியப்பா புதுக் கன்று நட்டிருக்கிறார். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. நான் ஊற்றினால் ஆடு பின்னாலேயே வந்து தின்கிறது.

இந்த முறை ஒரே ஒரு கேள்வி. எண் போடவில்லை. எப்போது வருகிறீர்கள்?

உங்கள் மகள்,
பாரதிப்ரியா

பி.கு. அம்மா இதை எழுதச் சொன்னார்கள்: இங்கே கொண்டல் அடிக்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லையாம், சும்மா சொன்னார்களாம்.