பெட்டில்ஹம் காட்டில் ஒன்பது கிழங்குகள்

பெட்டில்ஹம், சஃபோக்
9 ஏப்ரல் 1996

அன்புள்ள ரெஜ்,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? உன் மகள் பாலின் உன்னை வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பாள், அந்தக் கவலை எனக்கு இல்லை. இங்கே மூன்று வாரமாக விடாத மழை. நேற்றுத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. காட்டில் நீலமணிச் செடிகள் இலை விட்டுவிட்டன. வடக்கு வாசல் பக்கம் நீ கடைசியாக வெட்டிவிட்ட ஹேசல் புதர்கள் இப்போது ஆள் உயரம்.

மே ஐந்தாம் தேதி பூ ஞாயிறு. போன வருடம் நானூறு பேர் வந்தார்கள். லண்டன்காரி ஒருத்தி போட்டோ எடுப்பதற்காகப் பூவுக்கு நடுவில் போய்ப் படுத்துவிட்டாள். நான் பாதையில் நின்று கத்தினேன். "இதென்ன உங்க வீட்டு மெத்தையாம்மா? மிதிச்ச செடி எழுந்திருக்க ஏழு வருஷம் ஆகும்! அறுநூறு வருஷமா இந்தக் காட்டைக் காப்பாத்தி வச்சிருக்கோம்!" பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் என் குரல் பிடிக்கவில்லை.

நேராகவே கேட்கிறேன். இந்த வருடம் பூ ஞாயிறுக்கு வாயேன். காட்டைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் மறுபடி சேர வேண்டாம், யாரிடமும் பேசக்கூட வேண்டாம். மற்றவர்களைப் போலச் சும்மா வந்து காட்டைப் பார்த்துவிட்டுப் போ. முப்பத்தோரு வருடம் உழைத்தவன் மூன்று வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

என்றும் உன்
ஹோரஸ்


நாரிச்
13 ஏப்ரல் 1996

ஹோரஸ்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பாலின் நன்றாகத்தான் சமைக்கிறாள், உப்பு மட்டும் போட மாட்டாள்.

மற்றவர்களைப் போல வந்து பார்த்துவிட்டுப் போவதா? நல்ல யோசனை. என் காட்டுக்கு நான் ஒரு பவுண்டு கொடுத்து டிக்கெட் வாங்கி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், இல்லையா?

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 93 மே மாதம். மொட்டை ஓக் மரத்தடியில் ஸ்பெயின் நீலமணி முளைத்திருந்தது. விறைப்பாக நிமிர்ந்த தண்டு, அகல இலை, மோந்து பார்த்தால் ஒரு வாசமும் இல்லை. நம் பூவோடு கலந்தால் ஐம்பது வருடத்தில் நம் பூவே இருக்காது என்று ஊரே பதறியது. நான்தான் அதிகமாகப் பதறினேன். அந்தக் கிழங்கு பெட்டில்ஹமில் யார் வீட்டில் இருக்கிறது? ரெஜ் கேச்போல் கொல்லைச் சுவர் ஓரமாக. குழு இரண்டு முறை பிடுங்கச் சொல்லியும் பிடுங்காதவன் யார்? அதே ரெஜ். "என் சுவருக்கு உள்ளே உங்க சட்டம் செல்லாது" என்று தலைவி மார்ஷம் அம்மாவிடம் வாயை விட்டதும் நான்தான். என் நாக்கில் சனி. உன் மனைவி எடி ஆசைப்பட்டாள் என்று அவளுக்கும் ஒரு கூடை கொடுத்திருந்தேன். ஆனால் எடி இறந்த வருடமே நீ அந்தப் பாத்தியைத் தோண்டி எரித்துவிட்டாய். ஹோரஸைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று ஊரே எனக்கு உபதேசம் செய்தது. ஆக, மிஞ்சியவன் நான்.

அந்தக் கூட்டத்தில் மார்ஷம் அம்மா என்ன சொன்னாள்? "யாரையும் குத்தம் சொல்லலை ரெஜ். ஆனா கொஞ்ச நாள் நீங்க ஓய்வா இருந்தா எல்லாருக்கும் நல்லது." காட்டு வாசல் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். மறுநாள் வந்த விலக்குக் கடிதத்தில் செயலாளர் என்று உன் கையெழுத்து.

அவர்கள் பேசியதுகூட எனக்கு வலிக்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கம் நமக்கு. "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

பேக்கரிக்குப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல்தான் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தேன். உன் பூ ஞாயிறு உன்னோடு இருக்கட்டும்.

ரெஜ்


பெட்டில்ஹம்
17 ஏப்ரல் 1996

அன்புள்ள ரெஜ்,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ கேட்டது நியாயம். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் உன்னை வா வா என்று கூப்பிட்டதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிழங்குகளை நட்டது நான்.

எடியின் சாம்பலை மாதா கோயில் தோட்டத்தில் வைத்தோம் என்றுதானே உனக்குத் தெரியும். அங்கே வைத்தது பாதி. மீதியை அந்த அக்டோபரில் யாருக்கும் தெரியாமல் மொட்டை ஓக் மரத்தடியில் புதைத்தேன். அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். மான் மேய்ந்து மேய்ந்து அங்கே ஒரு புல்கூட இல்லை. வெறும் மண்ணில் அவளை விட்டுவிட்டு வர எனக்குக் கால் வரவில்லை. அவள் பாத்தியை எரித்தேன் என்றேன் அல்லவா, அதில் ஒன்பது கிழங்கை எடுத்து வைத்திருந்தேன். ஒன்பதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். 'தோட்டக் கிழங்குகளைக் காட்டுக்குள் கொண்டுவராதீர்கள்' என்று வாசலில் தொங்குகிற அறிவிப்பை டைப் அடித்தவனே நான்தான், ரெஜ். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

93இல் அது எழுபது எண்பது தண்டாகப் பூத்து நின்றதைப் பார்த்தபோது என் உயிரே போய்விட்டது. கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். சத்தியமாக. அதற்குள் யாரோ உன் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் உன் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இதை நான் இதுவரை கடவுளிடம்கூடச் சொன்னதில்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்த விலக்குக் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'வருத்தத்துடன்' என்று முதலில் எழுதி, பிறகு 'மிகுந்த வருத்தத்துடன்' என்று மாற்றினேன். அப்போது ஓக் மரத்தடியில் கண்ணில் பட்டதை எல்லாம் தோண்டிப் போட்டார்கள். ஆழத்தில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த வருடமும் வந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். எதுவானாலும் செய்கிறேன்.

ஹோரஸ்


நாரிச்
29 ஏப்ரல் 1996

ஹோரஸ்,

பத்து நாளாகப் பேனாவைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை.

நீ கோழை என்று மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். கோழை என்பதோடு நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பூ ஞாயிறுக்கு வருகிறேன். நாலு மணிக்குக் களஞ்சியத்தில் டீ கொடுப்பீர்கள், குழுவும் ஊரும் அங்கே இருக்கும். எழுந்து நின்று, எனக்கு எழுதியதை அவர்களிடம் சொல். எடியைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அது உன் சொந்த விஷயம். நட்டது யார், பழியைச் சுமந்தது யார், இரண்டை மட்டும் சொல். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

ரெஜ்


பெட்டில்ஹம்
7 மே 1996

அன்புள்ள ரெஜ்,

ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்ததுதான். ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது அல்லவா.

கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தேன். நீ கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். நட்டது நான் என்று சொன்னேன். ரெஜ் நிரபராதி என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். அது எனக்காகச் சொன்னது என்று நினைத்தேன்; உனக்காகவும்தான் என்று இப்போதுதான் புரிகிறது. நான் சொல்லிவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்த பயத்தில் என் வாய் தானாக அங்கே ஓடிவிட்டது. சாம்பல், மொட்டை மண், ஒன்பது கிழங்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். குரலும் உடைந்தது.

மார்ஷம் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஐயோ ஹோரஸ்! இத்தனை வருஷம் இதையா மனசுல பூட்டி வச்சிருந்தீங்க? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!" என்றாள். பேக்கரிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம் பாருங்க. என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!" என்றாள். அவள் புருஷன், "நான் உன்னைப் புதைக்கத் தயார், நீதான் போக மாட்டேங்கறே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் ரெஜ்.

அப்புறம்தான் யாரோ உன் பக்கம் திரும்பி, "ரெஜ், நாரிச்லேருந்து பஸ் வசதியா இருந்துதா?" என்று கேட்டார்கள். நீ "இருந்தது" என்று சொன்னாய். இன்னொருவர் மழை விட்டது நல்லதாகப் போயிற்று என்றார். அதற்கு மேல் உன்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பு என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. நீ தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன்.

உன் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். அதற்குள் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். எலுமிச்சை கேக். சாப்பிட்டேன். முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்தேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஓக் மரத்தடியில் எடி பெயரில் ஒரு பெஞ்சு போடலாம் என்று அன்றைக்கே பேச்சு எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆசையோடு படுத்திருந்துவிட்டு மறுநாள்தான் சொன்னேன். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். உன் பெயரை மறுபடி குழுவில் சேர்த்து எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். "பழசை ஏன் கிளறணும்? அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்கிறார்கள்.

நேற்றிலிருந்து அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நட்டேன். இருநூற்றுப் பதினாறு எடுத்துவிட்டேன், இன்னும் வருகிறது. எடியின் சாம்பலையும் கலைக்க வேண்டியதாகிவிட்டது. கலைத்தேன்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுவாயா? கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஹோரஸ்


நாரிச்
16 மே 1996

ஹோரஸ்,

உன் கடிதத்தைப் பாலினிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அழுதாள். "பாவம்ப்பா அந்த மனுஷன். ரெண்டு வரி எழுதிப் போட்டுடுங்களேன், உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றாள். என் வீட்டிலும் நீதான் பாவம்.

கிழங்கு விஷயம் சொல்கிறேன், கேள். மண்வெட்டியால் தோண்டாதே, அறுபட்ட துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும். பல் வைத்த மண்வாரியால் ஒரு முழம் ஆழம் இறங்கு. எடுத்ததைக் காட்டுக்குள்ளேயே போட்டுவிடாதே, எரி. அப்படியும் நாலைந்து வருடத்துக்கு ஏப்ரலில் தலை காட்டும். ஒவ்வொரு வருடமும் நீயே போய் எடு. வேறு யாரையும் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை டீக்கு முன்னாலேயே காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தேன். ஒரு பவுண்டு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். கிழக்குச் சரிவில் நம் பூ நன்றாக வந்திருக்கிறது. வாசம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது.

நீ கேட்டதைத் தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, ஒரு வாரம் யோசித்துத்தான் சொல்கிறேன். டீ ஆறுவதற்குள் ஊரே உன்னை மன்னித்துவிட்டது. நானும் மன்னித்துவிட்டால் எனக்கு நடந்தது நடக்காததாகவே போய்விடும். மன்னிக்காத ஆள் ஒருத்தனாவது உனக்கு வேண்டும், ஹோரஸ். அந்த ஆளாக நான் இருந்துகொள்கிறேன்.

ரெஜ்