சூடு ஆறட்டும், அத்தான்

அதட்டலையே அன்பாகப் பேசிய என் அத்தானுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது கையில் ஊறிய பழக்கம். அதை விட்டுவிட்டே எழுதுகிறேன். வகுப்பில் சொல்லப்போவதை முதலில் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத்தான் எனக்கு வாய் திறக்கும் என்று கேலி செய்வீர்களே, இன்றும் அப்படித்தான்.

1. உங்கள் பிக்கப் வண்டியின் முன்சக்கரப் பிரேக் டிரம் இரண்டையும் வீட்டு முற்றத்தில் வைத்து நானே மாற்றினேன்.

2. அவை கோணிப்போனதற்கு நீங்கள் வண்டி ஓட்டிய விதமே காரணம்.

3. அக்காள் வண்டியை விற்க ஏற்பாடு செய்தாள்.

மூன்றாவதை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். மார்வலியில் நீங்கள் போன பிறகு உங்கள் மகன் ஜெபராஜ்தான் வண்டி ஓட்டுகிறான். மணப்பாட்டில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, வெயில் ஏறுமுன் தூத்துக்குடி மார்க்கெட்டில் இறக்கிவிடுகிறான். கொஞ்ச மாதங்களாகப் பிரேக்கை மிதித்தால் மிதி காலை எதிர்த்துத் தள்ளுகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன வாரம் ஆறுமுகநேரி தாண்டி ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அவன் அழுத்தி மிதிக்க, வண்டி ஆடி, ரோட்டை விட்டு மணலில் இறங்கி நின்றது. அவனுக்கு ஒன்றுமில்லை. ஆடுகளுக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் அக்காள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். "வண்டிய வித்துருவோம். புருசன ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு. புள்ளைய ரோட்டுக்குக் குடுக்க மாட்டேன்."

புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. ஜெபராஜ் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனான். வண்டி போய்விட்டால் அவன் யாருடைய லாரியிலாவது கிளீனராக ஏற வேண்டியதுதான். அது அக்காளுக்கும் தெரியும்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தார். "நான் மாத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டது என் வாய்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. பல்பு மாற்றக்கூட மெயினை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பவன் நான்.

"ஏ தம்பி, ஒன் கைக்குச் சாக்பீஸ் போதாதா?" என்றாள் அக்காள்.

"மாமா மாட்டட்டும்மா. நட்டு ஏதாவது மிஞ்சுச்சுன்னா அதையும் சேத்து வித்துருவோம்" என்றான் ஜெபராஜ்.

வண்டி உருளாமல் இருக்கப் பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி ஏற்றினோம். ஜாக்கியை நம்பாமல் வண்டிக்கு அடியில் பனங்கட்டைகளை அடுக்கினேன். ஜெபராஜ் சிரித்தான். நான் இன்னொரு கட்டை வைத்தேன்.

சக்கரத்தைக் கழற்றியதும், உள்ளே இருந்த இரும்பு டிரம் துருவேறி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஓரத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டித்தான் கழற்ற முடிந்தது. உள்ளே ஆங்காங்கே நீலம் பாரித்த திட்டுகள். உள்விட்டம் அளக்கும் காலிப்பரை ஒரு பக்கம் வைத்தால் இறுகியது, திருப்பி வைத்தால் ஆடியது. வட்டம், வட்டமாக இல்லை.

"ரொம்பச் சூடேறிக் கோணியிருக்கு. ஒங்க அப்பா வளைவுக்கு வளைவு பிரேக்குலதான நிப்பாரு" என்றேன்.

"அப்பா ஓட்டும்போது ஆடலயே, மாமா."

"அப்ப தொடங்குனது இப்பத்தான் வெளிய தெரியுது" என்று தீர்ப்புச் சொன்னேன். அவன் முகம் வாடியது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழைய டிரம்மை ஓரமாக எடுத்து வைத்தான்.

புது டிரம்மும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனிங்கும் வாங்கி வந்தோம். டிரம்மில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். அது லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி, லேசாக உரசும் அளவுக்கு வைத்தோம். நட்டுகளை எதிரெதிராக முடுக்கினோம். எல்லாம் முடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் நட்டுக்குப் போனேன். பிறகு இன்னொரு தடவை.

சனிக்கிழமை காலை திருச்செந்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மாட்டியவன் ஏறாவிட்டால் அவனை எப்படி ஓட்டச் சொல்வது? புது லைனிங் படிய வேண்டும் என்று மிதிக்கச் சொன்னேன், விடச் சொன்னேன், மிதிக்கச் சொன்னேன். ஸ்டியரிங் அசையவில்லை. நான்தான் கதவுப் பிடியை விடவில்லை.

திரும்பியபோது அக்காள் முற்றத்தில் வாளியோடு நின்றாள். நீங்கள் போன பிறகு இதுதான் வழக்கம். மீன் தண்ணீரும் கடற்காற்றும் உங்கள் வண்டியைத் தின்றுவிடக் கூடாது என்று, வந்து நின்ற கையோடு கழுவிவிடுவாள். பம்பில் தண்ணீர் அடித்துக் கொடுப்பது நான்.

நீங்கள் இப்படியா செய்தீர்கள்? வந்ததும் மூங்கில் நாற்காலியை வண்டிக்கு அருகே இழுத்துப் போட்டு, சுருட்டைப் பற்றவைத்து, பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்த பிறகுதான் வாளியைத் தொடுவீர்கள். "உப்பு வண்டியத் திங்குது, மனுசன் பேப்பரத் திங்காரு" என்று அக்காள் ஏசுவாள். சோம்பல் என்று நானும் மனதுக்குள் அவள் பக்கம்தான் இருந்தேன்.

அக்காள் ஒரு குவளைத் தண்ணீரை முன்சக்கரத்தில் வீசினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது.

"அக்கா, நிறுத்து!"

அவளிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. குவளை அப்படியே அந்தரத்தில் நின்றது. சூடான கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் செய்து காட்டியவன் நான். பிரேக் மிதித்துச் சூடேறிய டிரம்மும் இரும்புதான்; சூட்டில் விரியும், குளிரச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் கோணும். தினமும் தண்ணீர் அடித்துக் கொடுத்தபோது அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதை அவளிடம் சொன்னேன். அவள் குவளையை வாளிக்குள் போட்டாள்.

"அப்ப அத நாந்தான் கெடுத்தேனா, தம்பி?"

"ஊத்துனது நீ. அடிச்சுக் குடுத்தது நான்."

"அப்ப அவுக நாக்காலில சும்மா ஒக்காந்திருக்கலயா?"

"தெரியல, அக்கா."

அவள் ஜெபராஜிடம் திரும்பினாள். "பிரேக்கு எப்படிலே இருக்கு?"

"சொன்ன எடத்துல நிக்கிம்மா. நல்லவேள, ஒரு குவளையோட மாமா சத்தம் போட்டாங்க."

"அப்ப புதுக்கோட்டைக்காரர் வந்தா காப்பி குடுத்து அனுப்பு. வண்டி விக்கல."

உள்ளே போய் உங்கள் நாற்காலியைத் தூக்கி வந்து வண்டிக்கு அருகே போட்டு உட்கார்ந்தாள். நீங்கள் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"எம்புட்டு நேரம் ஒக்காரணும்?"

"டிரம்முல கை வைக்க முடியுத வரைக்கும்."

அத்தான், தெரிந்துதான் உட்கார்ந்திருந்தீர்களா? அல்லது வெறும் களைப்பா? தெரிந்திருந்தால் ஏசும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எதுவாக இருந்தாலும், இனி சூடு ஆறாமல் உங்கள் வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்போம். சுருட்டு மட்டும் என்னால் முடியாது.

மேலே இரண்டாவதாக, நீங்கள் ஓட்டிய விதமே காரணம் என்று எழுதியிருப்பது தவறு. அதை ஜெபராஜிடமும் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் அடித்துக் கொடுத்த உங்கள் மைத்துனன்,
சாமுவேல்