கதவைத் திறந்துவிட்டுப் படி, ராமுத்தாய்

சூரியநெல்லி எஸ்டேட்,
8-1-1977, சனிக்கிழமை.

அன்புள்ள மகள் ராமுத்தாய்க்கு அப்பா வீரபாண்டி எழுதிக்கொண்டது. மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய் தாயி. இதை நீ காருக்குள் உட்கார்ந்து படிக்கிறாய் என்றால் முதலில் எஞ்சினை அணை. பிறகு அந்தப் பொத்தானை அமுக்கி ஷெட் கதவைத் திற. இறங்கி வெளியே வந்து பனியில் நில், குளிர்ந்தால் குளிரட்டும். வந்துவிட்டாயா? சரி, இனி சுகம் விசாரிக்கிறேன். சாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தான் என்று வழக்கம்போல் எழுத எனக்குக் கை வரவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இதற்கு முன்பே என் தந்தி வந்து சேர்ந்திருக்க வேண்டும். நேற்று போடிமெட்டு இறங்கிப் போடிக்கே போய் அடித்துவிட்டு வந்தேன், இங்கே நாலு நாளாகத் தந்திக் கம்பி அறுந்து கிடக்கிறது. நம் ஆட்களுக்குத் தந்தி வந்தாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம், நீ அதைக் கையில் வாங்கியதும் அம்மாவை நினைத்து அலறியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் சுகம் என்பதை முதலில் போடச் சொல்லி, எஞ்சினை நிறுத்து, பிறகு ஷெட்டை அடை, அப்பா, என்று முடிக்கச் சொன்னேன். தந்தி ஆபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதைச் சொல்லவா அமெரிக்காவுக்குத் தந்தி என்று கேட்டார். ஆமாம் ஐயா, இதைச் சொல்லத்தான் என்றேன். அவர் அதை இங்கிலீஷில் எப்படி மாற்றினாரோ, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, நீ புரிந்துகொண்டாயோ, அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரித்தாயோ, ஒன்றும் தெரியவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன். மணி பதினொன்று, தபால் பை ஒரு மணி பஸ்ஸில் ஏறிவிடும்.

மொக்கையனை உனக்குத் தெரியும், எனக்குக் கீழே இரண்டாவது டிரைவராக வந்தவன், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையும் மூடுபனியும் ஒன்றாக இறங்கிவிட்டது, பாக்டரிப் பக்கம் இரண்டு யானை நிற்கிறது என்று தகவலும் வந்தது. துரையை பங்களாவில் இறக்கிவிட்டு வந்தவன், அம்பாசடரை ஷெட்டுக்குள் விட்டு உடனே கதவை அடைத்திருக்கிறான். அது நம் வழக்கம், உனக்குத் தெரியாததா. ஷெட்டில் அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் கிடக்கும், கதவு திறந்து கிடந்தால் யானை வண்டிக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அதனால் முதலில் கதவு, பிறகுதான் சாவி. கதவை அடைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்து கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறான். விளக்கு எரிகிறதே, பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று எஞ்சினை ஓடவிட்டிருக்கிறான். இதுவும் நம் வழக்கம்தான், நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆறு மணிக்கு நான் போய்க் கதவைத் திறந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, அவன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, பெட்ரோல் உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று ஏசினேன் ராமுத்தாய். அசையவில்லை. தோளைத் தொட்டதும் சரிந்து என் மேல் விழுந்தான். முகம் நல்ல சிவப்பாக இருந்தது, ஜுரக்காரன் முகம்போல. எனக்கும் தலை சுற்றிக்கொண்டு வந்தது. அவன் கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து மழையில் விழுந்தேன், யானை நிற்கிறது என்ற நினைப்பே அப்போது இல்லை. டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டுத் தன்னால் ஆகாது என்றதும் ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. வியாழக்கிழமைதான் விழித்தான். தன் பெயரைச் சொல்கிறான், பெண்டாட்டியைப் பார்த்து இது யார் என்று கேட்கிறான்.

அங்கே டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வண்டிப் புகையில் கண்ணுக்கும் தெரியாத மூக்குக்கும் தெரியாத ஒன்று இருக்கிறதாம், அடைத்த இடத்தில் அது தேங்கி நின்றால் ஆளை அப்படியே தூங்கவைத்துவிடுமாம். அதன் பெயரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் எப்படி இருக்கும் ஐயா என்று கேட்டேன். தலைவலிக்கும், குமட்டும், உடம்பு ஓய்ந்து ஓய்ந்து வரும், வெளிக்காற்றுக்கு வந்தால் தெளிந்துவிடும், அதனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மொக்கையனுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

உன் கடைசிக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ராத்திரி டூட்டி முடிந்து காலை ஏழரை மணிக்கு வருகிறேன் அப்பா, மாப்பிள்ளை இரண்டாம் ஷிப்ட் முடித்து அப்போதுதான் நன்றாகத் தூங்குவார், கஞ்சிக்கோட்டுப் பாக்டரியில் இருந்த நாளிலிருந்தே தூக்கம் கலைந்தால் அவருக்கு அன்று முழுக்கத் தலை கனக்கும், அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டிலேயே அரை மணி காரில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். காரிலேயே மாட்டியிருக்கிற சின்னப் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் கதவு தானாக மேலே ஏறுகிறது, உள்ளே போய் மறுபடி அமுக்கினால் தானாக இறங்கி அடைத்துக்கொள்கிறது, யானைக்குப் பயந்து ஓடிப்போய் அடைக்க வேண்டாம் என்று கேலி வேறு. கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு உங்கள் கடிதங்களை எடுத்துத் திரும்பத் திரும்பப் படிப்பேன், எஞ்சின் ஓடுவதால் கதகதப்பாக இருக்கிறது, லயத்து வீட்டில் கரண்ட் இல்லாத காலத்தில் ஷெட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில்தான், கொஞ்ச நாளாகக் காலையில் தலைவலியும் குமட்டலும், இரண்டு தடவை வாந்தி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய்.

இதை எழுதத்தான் எனக்கு வெட்கமும் பயமுமாக இருக்கிறது. தீபாவளிக் கடிதத்தில் நீ கேட்டாய், இந்தக் கார் விளக்கை எஞ்சின் அணைத்துவிட்டு எரிக்கலாமா அப்பா என்று. நான் பெரிய மேதாவிபோல் பதில் எழுதினேன். விளக்கு எரிகிற நேரம் எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் அந்த ஊர்ப் பனியில் பாட்டரி செத்துவிடும், நீ நடுத்தெருவில் நிற்பாய் என்று. அந்தக் கடிதத்தைத்தானே நீ தினமும் அந்தக் காருக்குள் உட்கார்ந்து படிக்கிறாய். அதைக் கிழித்துப் போடு. ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ், இதெல்லாம் பாடத்தில் படித்திருப்பாய், ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் நீ டிரைவர் மகள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யோசிக்காமல் விட்டுவிட்டாய். நாம் படித்த அந்தப் பழைய ஷெட் பலகை ஷெட், விரல் நுழைகிற இடுக்கு இருந்தது, காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும். நம்மைக் காப்பாற்றியது அந்த இடுக்குதான், என் கெட்டிக்காரத்தனம் இல்லை. போன வருஷம்தான் சிமெண்டு பூசித் தகரக் கதவு போட்டார்கள், காற்று நுழையாது என்று நானே நாலு பேரிடம் பெருமை பேசினேன். உன் ஷெட்டில் பனிக்காற்று புகாமல் கதவுக்கு அடியில் ரப்பர் வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த ரப்பரை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் எழுதுகிறேன், கேட்டுக்கொள். பாட்டரி இறங்கினால் இறங்கட்டும். விளக்கே வேண்டாம், கடிதத்தை வீட்டுக்குள் போய்ப் படி. வண்டி உள்ளே வரும்போது முதலில் சாவி, பிறகு கதவு. வெளியே எடுக்கும்போது முதலில் கதவு, பிறகு சாவி. சூடு வேண்டுமென்று ஒரு நிமிஷம்கூட அடைத்த ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதே. கரண்ட் நின்றுபோனால் அந்தக் கதவு திறக்காது, உள்ளே தொங்குகிற கயிற்றை இழுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய், அதை இழுக்க உனக்குக் கை பலம் போதுமா என்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இழுத்துப் பார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பொத்தானை அமுக்கினால் சில நேரம் உங்கள் கதவும் திறந்துகொள்கிறது என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்தபோது, திருடன் வந்துவிடுவானே, அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்றாள், நானும் தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன், சரிசெய்யாதே. அந்தப் புண்ணியவான் தினமும் காலை ஏழரைக்கு அமுக்கட்டும். மாப்பிள்ளைக்கும் சொல், மனைவி வந்து கதவைத் தட்டினால் எழுந்து திறக்கிற தூக்கம்தான் நல்ல தூக்கம். மாமனார் இப்படி எழுதிவிட்டாரே என்று அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் காலையில் குமட்டல், வாந்தி என்று வாசித்ததும் அழகுத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன விசேஷம் என்று யாரும் கேட்கும் முன்பே லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று, கப்பலில் அனுப்பலாமா ஏரோப்ளேனில் அனுப்பலாமா என்று போஸ்ட்மேனை நிறுத்திவைத்து விசாரிக்கிறாள். சுருளி அருவிக்கு வந்து முழுகி மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள், யாருக்கு மொட்டை என்று கேட்டால் உங்களுக்குத்தான் என்கிறாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், செவ்வாய்க்கிழமை வரைக்கும். அதற்குப் பிறகு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையிலிருந்து நான் எழுதுவதைப் பார்த்து வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, பாரம் தூக்காதே, பப்பாளி தின்னாதே, வேளைக்குச் சாப்பிடு என்று இல்லாததையெல்லாம் வாசித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

அவள் படிக்காதவள், முட்டாள் இல்லை. எழுத்து இவ்வளவு இருக்கிறது, நீங்கள் வாசித்தது கொஞ்சம்தானே என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் எழுதிய தீபாவளிப் பதிலையும் சேர்த்து. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். “பேரன் பேத்தி பொறவு வரட்டும்ங்க. எம்புள்ள மொதல்ல அந்தக் கதவத் தொறந்துட்டு வெளிய வரட்டும்னு எழுதுங்க” என்றாள். சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஊறுகாய்ப் பாட்டிலை அடுப்படியில் மேல் பலகைக்கு ஏற்றிவிட்டாள். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதை நான் ஷெட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இரண்டு கதவையும் விரியத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். உப்பு மூட்டையைப் பாக்டரிக்கு மாற்றச் சொல்லித் துரையிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், இனி யானைக்கு இங்கே வேலை இல்லை. மொக்கையன் பெண்டாட்டி முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நாளைக்குப் போய், அவனுக்கு அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிடப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லி ரத்தம் கொடுத்துப் பார். பிறகு பத்து நாள் நான் சொன்னபடி நட. தலைவலியும் குமட்டலும் விட்டுப்போனால் என் பயம்தான் சரி என்று ஆகிவிட்டது, நீ பிழைத்தாய், அது போதும். பத்து நாள் கழித்தும் குமட்டல் விடவில்லை என்றால் உன் அம்மா ஜெயித்தாள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். வாழ்க்கையில் அவளிடம் தோற்றுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இந்த ஒரு தடவைதான். எதுவானாலும் ஒரே வரி தந்தி கொடு. தந்தி என்று பயப்பட மாட்டோம், நாங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

நீயும் மாப்பிள்ளை சுருளிவேலும் நீண்ட ஆயுளோடு நல்ல காற்றைச் சுவாசித்து நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். உறையின் மேல் சிவப்பு மையில் இங்கிலீஷில் எழுதியிருப்பது உனக்காகத்தான், காருக்குள் பிரிக்காதே என்று எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் எழுதிக் கொடுத்தார். உங்கள் ஊர்த் தபால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. வீரபாண்டி, டிரைவர்.

முக்கியம்: இவ்வளவு நேரம் படித்துவிட்டாய். குளிருக்குப் பயந்து மறுபடி உள்ளே போய் உட்காரவில்லையே? எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார் தாயி.