கருவி அப்போது கிடைக்கவில்லை

சலாத்திகா,
3 மார்ச் 2015

மஸ் சுதிப்யோவுக்கு,

இல்லை, தொலைபேசி வேண்டாம். போன வாரம் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வைத்தீர்கள். மூன்றாவது முறை புரிந்ததுபோல "ம்" என்றீர்கள். பதினோரு வருடம் உங்களோடு வாழ்ந்தவளுக்கு அந்த "ம்" தெரியும். எழுதுகிறேன். காகிதத்தில் எச்சில் ஒழுகாது.

கேட்டதற்குப் பதில்: வலி குறைந்திருக்கிறது. மோவாய் மரத்தே கிடக்கிறது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் துத்திக் சொல்லித்தான் தெரிகிறது. "அக்கா, நாளைக்கும் சேத்து வெச்சிருக்கியா?" என்கிறாள். சிரிக்கப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கவில்லை.

நாக்கு நன்றாக இருக்கிறது. கட்டி முளைத்த நாக்கு நன்றாக இருக்கிறது. அதன் வேரை எட்டுவதற்காக நடுவில் பிளந்த தாடைதான் சேரவில்லை.

ரயில் நிலையத்தில் இனி என்னை அறிவிப்புக்கு வைக்க முடியாதாம். தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே யாரும் அதிகம் பேச வேண்டியதில்லை என்று மேலாளர் ஆறுதலாகச் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய சம்மதப் படிவம் வந்தது. இன்னும் படிக்கவில்லை.

ரெத்னோ

•

சோலோ,
9 மார்ச்

அன்பு ரெத்னோ,

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. இரவில் கஞ்சியைத் தீய்த்துவிடுகிறேன். துத்திக்கிடம் சொல், அவளுடைய கிண்டல் எனக்கும் தேவைப்படுகிறது.

படிவத்தை இந்த மாதத்துக்குள் அனுப்பு. ஏப்ரல் மாநாட்டில் பேசப்போகிறேன். வொனோகிரி மாவட்ட மருத்துவமனையில் ஒன்பது நோயாளிகளுக்கு வாய் வழியாகவே நாக்கின் வேரை எட்டியிருக்கிறேன். தாடையைத் தொடவில்லை. பத்தாம் நாள் எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரின் படத்தைக் காட்டினால் நிர்வாகம் கொட்டாவி விடும். பக்கத்தில் உன் படம் இருக்க வேண்டும். பழைய வழி என்ன செய்கிறது என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும்.

கொடுமையாகக் கேட்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அடுத்து வருகிறவர்களை நினைத்துப் பார். கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்துவிடுவேன்.

உனக்கு அறுவை செய்த பேராசிரியர் பக் ஹார்சோயோ உன்னை விசாரித்தார். ஓய்வுபெற்ற பிறகும் வியாழன்தோறும் வந்து எங்களை மிரட்டுகிறார்.

உன்
சுதிப்யோ

•

சலாத்திகா,
15 மார்ச்

மஸ் சுதிப்யோவுக்கு,

படித்தேன்.

ஏழாவது கேள்வி: இந்த நோயாளிக்குப் புதிய முறை ஏன் பயன்படுத்தப்படவில்லை? உங்கள் கையெழுத்தில் பதில்: கருவி அப்போது கிடைக்கவில்லை.

அது உங்கள் அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பச்சைத் துணியில் சுற்றி. கிளாத்தென் ஊர்க் கொல்லரிடம் நான்கு முறை திருப்பிக் கொடுத்துச் செய்யவைத்தீர்கள். வாயைத் திறந்து பிடிக்கும் சட்டம். நாக்கின் ஒரு பாதியை மட்டும் அழுத்தும் குட்டைத் தகடு. முழு நாக்கையும் அழுத்தினால் வேர் பின்னால் பிதுங்கி மறைந்துவிடும் என்று கரண்டியையும் பச்சை மாமிசத்தையும் வைத்து எனக்கு விளக்கினீர்கள். முதல் சட்டத்தை யார் வாயில் அளந்தீர்கள்? "இன்னும் திற, இன்னும், முதலை மாதிரி." எச்சில் வழிய நானும் சிரித்தேன். அப்போது கட்டி இல்லை.

அறுவைக்கு முந்தின மாலை வந்து சொன்னீர்கள்: "பக் ஹார்சோயோவே செய்றாராம்." வேறெதுவும் சொல்லவில்லை. அவர் கையில் உங்கள் சட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

பிறகு துத்திக் ஒரு படம் காட்டினாள். நான் மயக்கத்தில் கிடந்தபோது தாழ்வாரத்தில் எடுத்தது. பேராசிரியரின் கடைசி அறுவை என்று மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வெட்டியிருக்கிறீர்கள். உச்சித் துண்டை மிக வேண்டியவருக்குத்தானே கொடுப்போம். அது உங்கள் தட்டில் இருந்தது.

ஏழாவது பதிலைத் திருத்துங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ரெத்னோ

•

சோலோ,
21 மார்ச்

ரெத்னோ,

ஆறு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அவர் என் அறைக்கு வந்தார். அவர் யார் அறைக்கும் போகிறவர் இல்லை. "திப், என் கடைசிக் கேஸ் உன் பொண்டாட்டியா இருக்கட்டும். இது நான் உனக்குக் குடுக்கற பரிசு" என்றார். கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர். பரிசைக் கையில் வைக்கும்போது, உங்கள் வழி பழையது, என்னிடம் வேறொன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தாட்சண்யம், ரெத்னோ. நீயும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. என் இடத்தில் உன் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா?

அவர் கை சுத்தமான கை. தாடை சேர்ந்துவிடும் என்று நம்பினேன். பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

ஏழாவதைத் திருத்த முடியாது. மாநாட்டில் நான் பேசும் அமர்வுக்கு அவர்தான் தலைவர். நூறு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்துவது போலாகும். இப்படியே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

சுதிப்யோ

•

சலாத்திகா,
28 மார்ச்

மஸ் சுதிப்யோவுக்கு,

புதன்கிழமை சோலோ வந்தேன். நீங்கள் அறுவை அரங்கில் இருந்தீர்கள். பக் ஹார்சோயோவை அவர் வீட்டில் பார்த்தேன்.

அவர் மனைவி தேநீரில் உறிஞ்சுகுழல் போட்டுக் கொண்டுவந்தார். கேட்காமலே. படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏழாவதை இரண்டு முறை படித்தார். பச்சைத் துணியைப் பற்றிச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன், புரிந்தது. அவர் "ம்" என்று சொல்லவில்லை. புரியாத இடத்தில், "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அப்புறம் சொன்னார்:

"அந்தச் சட்டத்தப் பத்தி எங்கிட்ட ஒரு பய வாயத் திறக்கலயேம்மா. திறந்திருந்தா, 'நீ மாட்டிக் குடுடா, நான் வெட்டறேன்'னு சொல்லியிருப்பேன். நாப்பது வருஷமா தாடையப் பொளந்து பொளந்து எனக்கே சலிச்சுப் போச்சு. அவங்கிட்ட கேட்டேனே, 'திப், வேற எதாச்சும் யோசன இருக்கா'ன்னு. மூணு தடவ, 'ஐயா சொன்னாச் சரிங்க'ன்னான்."

உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை.

கிழவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. கோபப்பட்டார். உங்கள் மேல் கொஞ்சம், தன் மேல் அதிகம். "என்னப் பாத்து அவ்வளவு பயமா எல்லாருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டார். அவர், "இப்பத்தான் தெரியுதாக்கும்" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உங்கள் மரியாதையைக் கேட்டவர் யாருமில்லை. என் தாடையைக் கொடுத்து நீங்கள் காப்பாற்றியது அதைத்தான்.

ஏழாவது பதிலை அடித்துவிட்டு நானே எழுதினேன்: கருவி இருந்தது, கணவர் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்து வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, படத்தைக் காட்டுங்கள். கண்களை மறைக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். படிவம் பேராசிரியரிடம் இருக்கிறது. அவரே அமர்வில் வாசிப்பதாகச் சொன்னார்.

நீங்கள் வரும்வரை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நம் வீட்டுக்குப் போய் என் துணிகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டேன். சாவியைப் பக்கத்து வீட்டு வார்ஸி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாலரை மணிப் பேருந்தில் ஏறினேன்.

ரெத்னோ