பழ வண்டி வாளியில் கலந்த மருந்து

அக்கா, இது அம்மாவின் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று சொல்லித்தான் பேனாவை எடுத்தேன், அம்மாவும் சரி என்றாள். இனி வரும் ‘நான்’ எல்லாம் அம்மா.

அன்புள்ள பெரியவளுக்கு, நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவை அந்த வரியில் சேர்க்க முடியவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் சாதாரணக் காய்ச்சல் என்றேன், உன் குரலைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது, அதனால்தான் காகிதம். முடித்ததும் இவள் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். எதிர்ச் சுவரில் பச்சை பெயின்ட் உரிந்திருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி என் கையைப் பிடித்து, “அழுதுடுங்கம்மா, பாரம் குறையும்” என்றாள். பசிக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, அழுகைக்கு எங்கே போவேன்.

போன முறை வந்தபோது அப்பாவின் கால் புண்ணுக்கு டாக்டரிடம் காட்டி கேப்சூல் வாங்கிக் கொடுத்தாயே, ஒன்று விடாமல் முடிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாயே, அவர் முடிக்கவில்லை. வலி நின்றதும் நிறுத்திவிட்டார். வெயில் ஏறினால் நம் வண்டியில் நறுக்கி வைத்த பழத்தில் ஈ மொய்க்கிறது, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கினால் பழி நம் தலையில் விழும் என்ற கவலையில், மிச்ச கேப்சூலைப் பிரித்து உள்ளே இருந்த தூளைப் பழம் கழுவும் வாளியில் தினமும் கலக்க ஆரம்பித்தார். தீர்ந்ததும் மருந்துக்கடையில் அதே பெயரைச் சொல்லி வாங்கினார், கடைக்காரரும் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். ஒளிவு மறைவே இல்லை. “நம்ம வண்டியில மட்டும்தான் மருந்துத் தண்ணி, தைரியமா சாப்பிடுங்க” என்று வருகிறவர்களிடம் பெருமை பேசினார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர், “ஏண்ணே, ஊசியும் போடுவீங்களா, இல்ல வெறும் பப்பாளி மட்டுந்தானா?” என்று கிண்டல் செய்வார், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மாலையில் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல் இவரே சாப்பிடுவார். எங்களுக்கு அதைத் தரமாட்டார், புதிதாகத்தான் நறுக்கித் தருவார்.

காய்ச்சல் வந்ததும் அதே கேப்சூலைத் தானே விழுங்கினார். இறங்கவில்லை. நடக்கவே முடியாமல் போன பிறகுதான் இங்கே கொண்டுவந்தோம். டாக்டரம்மா, “ஒரு மருந்து போட்டோம், கேக்கல. மாத்திப் போட்டோம், அதுக்கும் கேக்கல. இனி ஒண்ணுதான் கையில இருக்கு” என்றார். பிறகு கிருமி எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒருத்தி நம் தெருவுக்கு வந்து எல்லா வண்டியிலும் பழம், ஐஸ், கத்தி துடைக்கும் துணி, தண்ணீர் என்று எடுத்துப்போனாள். மருந்துக்கு அடங்காத கிருமி நம் வாளியிலும் இருந்ததாம், ஐஸ் பெட்டியிலும் இருந்ததாம். உன் தங்கை அவளைக் குடைந்து குடைந்து கேட்டாள், இந்த இடத்தை இவளே விளக்கி எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்: கொஞ்ச மருந்தில் இளைத்த கிருமிகள் சாகும், முரட்டுக் கிருமிகள் தங்கும், தங்கியவை பெருகும், சில சமயம் அந்த முரட்டுத்தனத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அப்பாவுக்கு வந்தது அந்த வாளியிலிருந்துதானா என்று நான் கேட்டேன். “அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. கையில, குழாய்த் தண்ணியில, எங்க வேணாலும் இருந்திருக்கலாம். ஆனா அந்தத் தூளை இனிமே தொடாதீங்க” என்றாள். வாளியில் இருக்கும் தண்ணீரை எங்கே கொட்டட்டும் என்று கேட்டேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்து கொட்டச் சொன்னாள். சொன்னபடி செய்தேன். அப்போது வழக்கமாக வரும் வேன் டிரைவர், “என்னக்கா, இன்னைக்குப் பழம் இல்லியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்க நினைத்தேன், கேட்காமல் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

நேற்று அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. “பெரியவ கேட்டா, மாத்திரைய முடிச்சேன்னே சொல்லிடு. அவ கையால வாங்கிக் கொடுத்தது, தன்னாலன்னு நெனச்சு உருகிப்போயிடுவா” என்றார். அப்படியே எழுதச் சொன்னேன், உன் தங்கை பேனாவை மூடிவிட்டாள். இவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஆகையால் உண்மை இது, அவர் முடிக்கவில்லை. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை, நாலு பேர் வயிறு கெடக்கூடாது என்றுதான் செய்தார்.

இன்று மாலை அந்தக் கடைசி மருந்தை ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கிறதா என்பது இரண்டு மூன்று நாளில் தெரியுமாம். வேலையை விட்டுவிட்டு வராதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். மருந்து கேட்டாலும் வா, கேட்காவிட்டாலும் வா. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும். காய்ச்சல் என்றால் நீயாகக் கடையில் வாங்கி விழுங்காதே, டாக்டர் கொடுத்ததைப் பாதியில் விடாதே. வழியில் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா

அக்கா, கையெழுத்து அம்மாவே போட்டது. அப்பா கண்ணை மூடியிருக்கிறார், மூச்சு வருகிறது, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாட்டிலில் பாதிக்கு மேல் மருந்து இருக்கிறது. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.